சங்கம் யாருடைய சொல்?

உப்பளத் தொழிலாளர் மத்தியில் வேலை செய்யும் தோழர்களிடம் அடிக்கடி இரண்டு கேள்விகள் வருகின்றன. "சங்கம் என்பது வடமொழிச் சொல் ஆயிற்றே, கழகம் என்றோ மன்றம் என்றோ பெயர் வைத்தால் என்ன?" என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். "சங்கம் என்கிறீர்களே, அது ஜாதிச் சங்கமா, வேலைக்காரர் சங்கமா?" என்று அளத்தில் உப்புச் சுமக்கும் பெண்கள் கேட்கிறார்கள். முதல் கேள்வி பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறது. இரண்டாவது கேள்வி பட்ட அனுபவத்திலிருந்து வருகிறது. இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இரண்டாவதுதான் கனமான கேள்வி என்பது என் அபிப்பிராயம்.

முதலில் சொல்லின் பூர்வீகத்தைப் பார்ப்போம்.

அகராதியைப் புரட்டினால் 'சங்கம்' என்ற ஒரே உருவத்துக்குள் இரண்டு மூன்று தனித்தனிச் சொற்கள் குடியிருப்பது தெரியும். ஒன்று, கடலில் கிடைக்கும் சங்கு. கடலோர ஜனங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, ஒரு பேரெண்ணின் பெயர். மூன்றாவதுதான் நாம் பேசுகிற சங்கம்: கூட்டம், கூடி நிற்பவர்களின் ஸ்தாபனம். சங்குக்கும் இந்தச் சங்கத்துக்கும் பிறப்பில் எந்த உறவும் கிடையாது. ஆலை வாசலில் மட்டும் ஓர் உறவு உண்டு. ஷிப்டுக்கு ஊதுகிற ஊதலை நமது ஆலைத் தொழிலாளர் 'சங்கு' என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். முதலாளி ஊதியது சங்கு, அதைக் கேட்டு ஓடியவன் கட்டியது சங்கம்!

கூட்டம் என்று பொருள்படும் சங்கம், வடமொழியிலும் பாலியிலும் வழங்கிய 'ஸங்க' என்ற சொல்லிலிருந்து வந்தது. இதை ஒளிக்க வேண்டிய அவசியம் இல்லை. 'ஸம்' என்றால் சேர்ந்து, ஒன்றாக. 'ஹன்' என்ற வினை அடிப்பதைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்தால் அடித்து நெருக்குவது, இடைவெளி இல்லாமல் இறுக்குவது என்று அர்த்தம். 'சங்கமம்' இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. அதில் உள்ள 'கம்' என்பது போவதைக் குறிக்கும். ஆறும் ஆறும் சேர்ந்து போவது சங்கமம். அங்கே பள்ளத்தைக் கண்ட நீர் தானாக வந்து கலந்துவிடுகிறது. சங்கம் தானாக நேருகிற காரியம் இல்லை. அதற்கு உழைப்பு வேண்டும். இந்த வித்தியாசம் உப்பளத் தொழிலாளிக்குக் காலிலேயே தெரியும். மழை ஓய்ந்து புதுப் பருவம் துவங்கும்போது பாத்தியின் களித்தரையை மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். மண்ணும் மண்ணும் நெருங்கி நின்றால்தான் உப்புநீர் பூமிக்குள் இறங்காமல் நிற்கும். இறுகாத பாத்தியில் எவ்வளவு வெயில் அடித்தாலும் உப்பு கண்ணில் படாது. 'ஸம்', 'ஹன்' என்று இலக்கணக்காரர் பிரித்துக் காட்டுவதற்கு இதைவிட நல்ல உரை எழுத முடியாது.

பழைய இலக்கண ஆசிரியர் பாணினி இந்தச் சொல்லுக்குத் தனி விதி எழுதியிருக்கிறார். 'கணம்' என்ற பொருளில் அது வரும் என்கிறார். கணம் என்பது ஒரு ராஜா ஆளாமல், குலத் தலைவர்கள் கூடி ஆண்ட நாடுகளுக்குப் பெயர். வைசாலி நகரத்து வஜ்ஜிகள் அப்படி ஆண்டவர்கள். ஆயுதம் தாங்கிப் பிழைத்த கூட்டங்களுக்கும் பாணினி இதே சொல்லை வழங்குகிறார். புத்தர் தமது பிக்குகளின் அமைப்புக்கு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். அவரே சாக்கியர் கணத்தில் பிறந்தவர்தான். பிக்குகள் கூடித் தீர்மானம் செய்வதையும், கருத்து வேற்றுமை வந்தால் குச்சிகளைக் கொடுத்து வாக்கெடுப்பதையும் பௌத்த விநய நூல்கள் விவரமாகச் சொல்கின்றன. ஆகவே இந்தச் சொல் அரண்மனையில் பிறந்ததல்ல. ராஜா இல்லாத இடத்தில் வளர்ந்தது. ஆனால் அந்தக் கணங்களைப் பார்த்து அதிகமாகப் பரவசப்படவும் வேண்டாம். அங்கே கூடியவர்கள் குலத் தலைவர்கள். நிலத்தில் பாடுபட்ட அடிமைக்கும் கூலிக்காரனுக்கும் அந்த அவையில் இடம் கிடையாது.

தமிழுக்கு வருவோம். நாம் 'சங்க இலக்கியம்' என்று சொல்கிறோமே, அந்தப் பாட்டுக்களைப் பாடியவர்கள் புலவர் கூட்டத்துக்குச் சங்கம் என்று பெயர் சொல்லவில்லை. அவர்களிடம் அவை, மன்றம், குழு, ஆயம் என்று சொந்தச் சொற்கள் இருந்தன. மதுரைக்கே 'கூடல்' என்று பெயர். அறிஞர் கூடிய கூட்டத்தை மதுரைக் காஞ்சி 'புணர்கூட்டு' என்கிறது. புலவர்களின் சங்கம் என்ற பேச்சு 7-ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் தேவாரத்தில் தென்படுகிறது. முச்சங்கக் கதை முழுதாக வருவது அதற்கும் பிற்பாடு, இறையனார் அகப்பொருள் உரையில். முதல் சங்கம் 4440 வருஷம், இடைச்சங்கம் 3700 வருஷம், கடைச்சங்கம் 1850 வருஷம் என்று அந்த உரை கணக்குச் சொல்கிறது. கூட்டினால் 9990! எந்தச் சங்கமும் சந்தா வசூலிக்காமல் இத்தனை காலம் நடந்ததாக நான் நம்பவில்லை. இதற்கிடையில் 470-ஐ ஒட்டி வஜ்ரநந்தி என்ற சமண முனிவர் மதுரையில் 'திராவிட சங்கம்' நிறுவியதாக ஒரு சமண நூல் குறிக்கிறது. புலவர் கூட்டத்துக்குச் சங்கம் என்ற பெயர் வந்ததற்குச் சமண, பௌத்தத் துறவிகளின் வழக்கமே வழிவிட்டது என்று பல ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

பாட்டுக்களில் சங்கம் இல்லையே தவிர, உழைப்பாளிகள் கூட்டாகப் போனது இருக்கிறது. அதிலும் உப்பு வண்டிக்காரர்கள் இருக்கிறார்கள். உமணர் என்று பெயர். கடலோரத்து உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி, குடும்பத்தோடு, வரிசை வரிசையாக உள்நாட்டுக்குப் போனவர்கள். அந்த வண்டிக் கூட்டத்துக்குச் 'சாத்து' என்று பெயர். மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறிந்தால் வழியில் நிற்க நேரும் என்று வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள் என்பது புறநானூற்றில் ஔவையார் பாட்டிலிருந்து தெரிகிறது. சிறுபாணாற்றுப்படையில் உமணரோடு போன ஒரு மந்தி, அவர்களுடைய பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. அந்தப் பாட்டின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய ஊர்களில் ஒன்று எயிற்பட்டினம். அது நமது மரக்காணமே என்று அறிஞர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். கிடங்கில் என்ற இன்னொரு ஊர் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. சங்கம் என்ற சொல் இந்தக் கரைக்கு வருவதற்கு முன்பே கூடிப் பிழைப்பது வந்துவிட்டது.

இனி 'கழகம்' என்ற யோசனை. கழகம் நல்ல தமிழ்ச் சொல்தான். மறைமலையடிகள் காலத்திலிருந்து அதற்குப் புது மரியாதை வந்தது. 1944-இல் சேலத்தில் திராவிடர் கழகம் பிறந்த பின்பு தெருவுக்குத் தெரு கழகம் ஆகிவிட்டது. ஆனால் திருக்குறளில் சூது என்ற அதிகாரத்தைப் படித்துப் பார்க்கும்படி இளைஞர்களை வேண்டிக்கொள்கிறேன். அங்கே கழகம் என்றால் சூதாடுகிற இடம். அதனால் கழகம் கெட்ட சொல் ஆகிவிடவில்லை. பின்னால் வந்த ஜனங்கள் அதைக் கழுவி எடுத்துக்கொண்டார்கள். சங்கத்துக்கும் அந்த நியாயம் உண்டு. சங்கமும் இந்த மண்ணில் 1000 வருஷத்துக்கு மேல் குடியிருக்கிற சொல்.

பிறப்பில் சுத்தமான சொல்லாக இருந்தாலும் உள்ளே விடாமல் கதவடைக்க முடியும். இதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டை விடச் சாட்சி வேண்டாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலை எடுத்து வாரியம் அமைத்த முறையைச் சொல்கிறது. ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைக்கு மேடை புகழ்கிறார்கள். ஓலையில் பெயர் எழுதப்படுவதற்குரிய தகுதிகளில் ஒன்று, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது. அதுவும் பிராமணர் சபை. கால் வேலி நிலத்தை உழுதவன் பெயர் எந்தக் குடத்தில் விழுந்தது? கூடுவதற்கு எத்தனை சொல் இருந்தாலும், யார் கூடலாம் என்பதைச் சொத்தும் ஜாதியும் தீர்மானித்தன.

இந்தக் காலத்துச் சங்கங்களும் முதலில் மேலே இருந்தவர்கள் வைத்த சங்கங்களே. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவினார். 1916-இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் வந்தது. அதைத்தான் ஜஸ்டிஸ் கட்சி என்று ஊர் அறிந்தது. 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்து, திரூரில் முதல் கூட்டுறவுச் சங்கம் துவங்கியது. கூட்டு, உறவு, சங்கம் என்று ஒரே பொருளை மூன்று தரம் சொல்லும் பெயர் அது. மூன்று தரம் சொல்லியும் பல இடங்களில் பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையை விட்டு அது இறங்கவில்லை என்பது கிராமத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் நடந்தது வேறு விஷயம். பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைகளின் தொழிலாளர் கூடி சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் முன்னின்று, வாடியா தலைவரானார். திரு.வி.க. தமிழில் பேசினார், எழுதினார். அந்த மேடைகளிலிருந்துதான் புலவர் சங்கமும் கனவான் சங்கமும் தொழிலாளி வாயில் 'எங்க சங்கம்' ஆயிற்று. இங்கிலீஷில் 'யூனியன்' என்பது லத்தீனில் 'ஒன்று' என்ற சொல்லிலிருந்து வந்தது. ருஷ்யாவில் 'சோவியத்' என்பது கூடி ஆலோசிப்பது. அதில் உள்ள 'சோ'வுக்கும் சேர்ந்து என்றுதான் அர்த்தம். நமது தொழிலாளி இந்த அகராதிகளைப் பார்க்காமலே சரியான சொல்லைப் பிடித்துக்கொண்டான். முதலாளியும் புரிந்துகொண்டான். 1920-இல் ஆலைக் கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போய் வாடியா மேல் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டது. தொழிலாளரைச் சேர்ப்பது சட்டப்படி குற்றமாகிவிடுமோ என்ற கேள்வி இதில்தான் எழுந்தது. 1926 தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு இந்த வழக்கு ஒரு காரணம். சர்க்கார் பாஷையில் உழைப்பவன் கூடினால் அதற்கு வேறு பெயர் உண்டு: சதி. 1924 கான்பூர் சதி வழக்கில் நமது சிங்காரவேலர் பெயரையும் சேர்த்தார்கள்.

பெரம்பூர்ச் சரித்திரத்தின் அடுத்த பக்கத்தை நமது தோழர்கள் பலர் வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் இரண்டாகப் பிளந்தார்கள். ஆதி திராவிடத் தொழிலாளரில் பெரும் பகுதியினர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, வேலைநிறுத்தம் தோற்றது. கம்பெனி பிளவைப் பயன்படுத்தியது வாஸ்தவம். அதோடு விஷயத்தை முடித்துவிடக் கூடாது. அந்தச் சங்கம் ஆதி திராவிடத் தொழிலாளி தன்னுடையது என்று நம்பும்படி நடந்துகொண்டதா? அவன் சேரியிலிருந்து ஒருவனைத் தனக்குச் சமமாக மேடையில் உட்கார வைத்ததா? மிதிக்காத பாத்தியில் நீர் பாய்ச்சினார்கள். அது கீழே இறங்கிவிட்டது.

சொல் ஒன்று, வர்க்கம் இரண்டு என்பதற்கு வெண்மணியைப் போல் கொடிய உதாரணம் இல்லை. கீழத் தஞ்சையில் கூலி விவசாயிகளுக்கு ஒரு சங்கம் இருந்தது. மிராசுதார்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது: நெல் உற்பத்தியாளர் சங்கம். நெல்லை உற்பத்தி செய்தவன் யார் என்று கேட்காதீர்கள், பெயர் அப்படி! செங்கொடியை இறக்கி, சங்கத்தை விட்டுவிட்டு எங்கள் சங்கத்தில் சேருங்கள் என்று மிராசுதார்கள் நெருக்கினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசையில் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. 1973-இல் ஹைகோர்ட் மிராசுதார்களை விடுதலை செய்தது.

இப்போது அளத்துப் பெண்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

மரக்காணத்தில் அந்தக் கேள்வி சும்மா எழவில்லை. 1980-இல் வன்னியர் சங்கம் துவங்கியது. 1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு அது நடத்திய சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவிகிதம் கிடைத்தது. அந்தக் கோரிக்கையின் பின்னால் நிஜமான வறுமை இருந்தது, அதை மறுப்பவன் இந்த மாவட்டத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அதே சங்கம் மாமல்லபுரத்தில் நடத்திய சித்திரை முழுநிலவு விழாவுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போனவர்களுக்கும் மரக்காணத்துத் தலித் மக்களுக்கும் இடையே 2013 ஏப்ரல் 25 அன்று மோதல் மூண்டது. தலித் குடிசைகள் எரிந்தன. விழாவுக்குப் போனவர்களில் இரண்டு பேர் பிணமாகத் திரும்பினார்கள். இரண்டு பக்கத்திலும் நாள் கூலிக்குப் பாடுபடுகிற ஜனங்கள். அதற்குப் பிறகு இந்த ஊரில் ஒரு பெண்ணிடம் போய் "சங்கத்தில் சேரம்மா" என்றால், "எந்தச் சங்கம்?" என்று அவள் கேட்பாளா, மாட்டாளா?

ஜாதிச் சங்கத்திலும் ஜனங்கள் கூடுகிறார்கள். ஆனால் அங்கே கூடுவதற்குப் பிறந்தால் போதும். பணக்காரனும் கூலிக்காரனும் ஒரே கூரையின் கீழ் நிற்பார்கள். அளத்தைக் குத்தகைக்கு எடுத்தவனும் அதில் உப்பு வாருகிறவனும் அண்ணன் தம்பி என்பார்கள். விடிந்து கூலி பேசும்போது அண்ணன் வேறு, தம்பி வேறு. நம்முடைய சங்கத்தில் கூடுவதற்குச் செய்கிற வேலை ஒன்றாக இருக்க வேண்டும். இதை விளக்கிச் சொல்வது எளிது. பாத்தியில் நடத்திக் காட்டுவது எளிதல்ல.

அளத்து வேலையைத் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறக்குறைய 3 டிகிரி கனமுள்ள கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவைத்து, 25 டிகிரி வந்ததும் உப்பு பூக்கிறது. நீண்ட கம்பில் மாட்டிய பலகையால் அதை வாரி, வரப்பில் குவித்து, கூடையில் சுமந்து அம்பாரமாக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் வெள்ளை உப்பின் கூச்சம் கண்ணைப் பிடுங்கும் என்பதால் இருட்டோடு வருகிறார்கள். காலில் புண் ஆறுவதில்லை. மழைக்காலத்தில் வேலையே கிடையாது. அந்த மாதங்களுக்குத் தமிழ்நாடு சர்க்கார் குடும்பத்துக்கு ரூ. 5,000 நிவாரணம் என்று ஏற்பாடு செய்திருக்கிறது. நல்லது, ஆனால் மழை மாதங்களைத் தாண்ட அது போதுமா என்று உலை வைக்கிறவர்களைக் கேட்க வேண்டும். நிலம் மத்திய சர்க்காரின் உப்புத் துறையுடையது, குத்தகை ஒருவர் பேரில், வேலை இன்னொருவர் கீழ். கூலி கேட்க யாரிடம் போவது என்பதே ஒரு பிரச்னை. இத்தனை இடைவெளி உள்ள தொழிலில் ஜாதி என்ற இடைவெளியும் இருந்தால் முதலாளிக்கு வேறு உதவி தேவையில்லை.

பெயரே பெரிய சண்டையாவதையும் பார்த்துவிட்டோம். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற வார்த்தை வரக் கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது. குளிர்பெட்டியில் அந்தப் பெயரை ஒட்டுகிற கைக்கு, அதைச் சங்கத்தோடு சேர்த்து எழுத உரிமை இல்லையாம்! 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. அதே வருஷம் நவம்பர் 21 முதல், 1926 சட்டம் உள்பட 29 சட்டங்களை நான்கு தொகுப்பாக்கி மத்திய சர்க்கார் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழிலுக்கும் வந்துவிட்டது. சட்டங்களைத் தொகுப்பது சர்க்காருக்கு எளிதாக இருக்கிறது, தொழிலாளர் தொகுதியாவதுதான் கஷ்டமாக்கப்படுகிறது. உப்பு வாருகிறவர்களுக்கு இது நேரடியான விஷயம். அம்பாரத்தில் உப்பு ஏறி, மழை மேகம் திரண்டு, முதலாளி அவசரப்படுகிற சில நாட்கள்தான் அவர்களுக்குப் பேரம் பேசும் பலம். 14 நாளில் மழை வந்துவிடும்.

ஆகவே சங்கத்துக்குப் பெயர் மாற்ற வேண்டும் என்ற யோசனையை நான் ஆதரிக்கவில்லை. மாற்ற வேண்டியவை வேறு சில. கடலோரத்து ஓர் ஊரில் சங்கக் கூட்டம் எப்போதும் ஊர்ப்பக்கத்து டீக்கடை வாசலிலேயே நடந்து வந்தது. காலனித் தோழர்கள் வருவார்கள், ஓரமாக நிற்பார்கள், பேச மாட்டார்கள், சந்தா மட்டும் கொடுப்பார்கள். பெண்கள் வருவதே இல்லை; அளத்தில் பாதி வேலை அவர்களுடையது. இது ஒரு ஊரின் குறை என்று நினைக்க வேண்டாம். கூட்டம் ஒரு மாதம் ஊரில் நடந்தால் மறு மாதம் காலனியில் நடக்க வேண்டும். ஊர்த் தோழர்கள் அங்கே போய்த் தரையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் தண்ணீரைக் குடிக்க வேண்டும். தலைவர், செயலாளர் இருவரில் ஒருவராவது காலனியிலிருந்து வர வேண்டும், ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கூட்டம் இருட்டிய பிறகு நடந்தால் இருட்டோடு வேலைக்கு எழுகிற பெண்கள் எப்படி வருவார்கள்? வேலை முடிந்து ஏறுகிற நேரத்தில், அளத்து ஓரத்திலேயே வைக்கலாம். "வீட்டுக்காரர் வந்தால் போதும்" என்று சொல்கிற தோழர்கள், உப்புக் கூடையையும் வீட்டுக்காரரே சுமக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

தை பிறந்ததும் பாத்தி மிதிக்கிற வேலை துவங்கிவிடும். அதற்கு முன்பு உறுப்பினர் பதிவை முடித்துவிட வேண்டும். பதிவுச் சீட்டில் பெயர், வேலை செய்யும் அளம், என்ன வேலை, சந்தா என்று நான்கு கட்டம் போதும். சில இடங்களில் பழைய வழக்கமாக 'தெரு' என்றும் ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறார்கள். புதுச் சீட்டு அடிக்கும்போது அதை எடுத்துவிடலாம்.